பதிமூன்று எண்ணும் வரை

மகளின் பள்ளிச் சட்டையை விரித்துப்போட்டுக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று பத்து. ஜன்னல் திறந்திருந்தது, தலைக்கு மேலே குழல்விளக்கும் எரிந்துகொண்டிருந்தது, இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலிருந்து ஈரத்துணியும் சூடான இரும்பும் கலந்த வாசனை எழுந்து அறை முழுவதும் பரவியிருந்தது. சட்டையின் இடது கை முதலில் லேசாக மங்கியது. அந்த மங்கல் சட்டைப்பையைத் தாண்டி, பொத்தான் வரிசையைத் தாண்டி, வலது கை வரை மெல்ல நகர்ந்தது. சட்டை முழுவதும் ஒரே அளவு மங்கலாகச் சற்று நேரம் நின்றது. பிறகு இடது கையிலிருந்து வெளுக்கத் தொடங்கி வலது கையில் வெளுத்து முடிந்தது. வேறு யாராவது என்றால் கவனித்தே இருக்கமாட்டார்கள். அவள் எண்ணினாள், தொழில் பழக்கம் அப்படி. பதிமூன்று எண்ணும் வரை இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. திரைச்சீலை கூட அசையவில்லை. மேகம் என்றால் ஜன்னல் வெளிச்சம்தான் குறையும், குழல்விளக்கு என்ன பாவம் செய்தது? மின்சாரம் ஏறி இறங்கியது என்றால் அறை மொத்தமும் ஒரே நேரத்தில் மங்க வேண்டும். ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் முடிகிறது என்றால், விளக்குக்கும் துணிக்கும் நடுவே ஏதோ ஒன்று கடந்து போயிருக்கிறது என்று அர்த்தம். இது அவளுக்கு வாய்ப்பாட்டைவிட நன்றாகத் தெரியும். பதினோரு வருடமாக அவள் பார்க்கிற வேலையே அதுதான்.

"ஏங்க, கரண்டு ஏறி இறங்குதா?"

கணவர் கூடத்திலிருந்து எழுந்து வந்தார். வீடுகளுக்கு வயரிங் செய்து கொடுப்பவர். "மெல்லப் பேசு. ஊருக்கெல்லாம் லைட்டு போடறவன் வீட்டுலயே பிரச்சனைன்னா நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்?"

சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பார்த்தார், விளக்கைத் தட்டிப் பார்த்தார். லைனில் ஒன்றுமில்லை. கடைசியில் தன் பையிலிருந்து வெளிச்சம் அளக்கும் மீட்டரை எடுத்துக் கூடத்து மூலை நாற்காலியில் வைத்தார். உள்ளங்கை அளவுப் பெட்டி, உச்சியில் ஒரு வெள்ளைக் குமிழ், கீழே எண்கள். முந்நூற்று எண்பது காட்டியது. "இது குறைஞ்சா என்கிட்ட சொல்லு. குறையலேன்னா கண் டாக்டர்கிட்ட சொல்லு. வாரம் பூரா நட்சத்திரத்தை மொறச்சுப் பாத்தா இப்படித்தான்."

அவளும் சிரித்தாள். அதற்குள் சட்டைக் காலரில் பழுப்பாக ஒரு தீய்ந்த தடம் விழுந்துவிட்டது. அந்த இரும்புச் சூட்டு வாசனை எதையோ நினைவூட்டியது. என்ன என்று அவளுக்குத் தெரியும். அந்த நினைவை உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் வேலை செய்வது ஜன்னலே இல்லாத ஒரு நீள அறையில். பூமிக்கு வெளியே ஒரு தொலைநோக்கி மிதக்கிறது, வானத்தின் ஒரு துண்டையே கண்கொட்டாமல் பார்க்கிறது, அங்கிருந்து தேர்ந்தெடுத்த ஒன்றரை லட்சம் நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அரை மணிக்கு ஒருமுறை அளந்து அனுப்புகிறது. ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் பூமி அளவு கிரகம் கடந்துபோனால் அதன் வெளிச்சம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு குறையும். பத்தாயிரம் விளக்கு எரிகிற நகரத்தில் ஒரு விளக்கை அணைப்பதுபோல. அந்தச் சின்னப் பள்ளத்தைக் கிராஃபில் தேடிக் கண்டுபிடிக்கப் பதினோரு பேர். இயந்திரம் சலித்துத் தந்ததை மனிதக் கண் கடைசியாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். ஒரே இடைவெளியில் மூன்று முறை பள்ளம் விழுந்தால்தான் கிரகம். இரண்டு முறை என்றால் சந்தேகம் மட்டும்.

அந்தக் கண்கள் தூங்காமல் இருக்கின்றனவா என்று சோதிக்க ஒரு வழக்கம் உண்டு. கீழே வந்து சேர்ந்த அளவுகளில் ஆங்காங்கே பொய்ப் பள்ளங்களைச் செய்து நுழைத்துவிடுவார்கள். எவை பொய் என்ற பட்டியல் ஒரே ஒருவரிடம் இருக்கும். அந்த ஒருவர் அவள். "சம்பளம் குடுத்துப் பொய் சொல்லச் சொல்றது என் பொண்டாட்டிய மட்டும்தான்" என்று கணவர் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். யார் எதைக் கண்டுபிடித்தாலும் முதலில் அவள் மேசைக்கு வந்து, "இது நம்ம சரக்கா?" என்று கேட்க வேண்டும். அவள் ஆமாம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்வாள். அந்தச் சொல்லுக்கு மேல் அப்பீல் கிடையாது.

எட்டு மாதத்துக்கு முன் கட்டைவிரல் வந்து கேட்டான்.

அறையில் அவனுக்கு அதுதான் பெயர். ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்தவன், அவளுக்கு இடதுபக்கத்து நாற்காலி. புதிதாக யார் வந்தாலும் இழுத்து நிறுத்தி, கையை நீட்டி, இடது கண்ணை மூடி, கட்டைவிரலைத் தூக்கி விளக்கை மறைத்துக் காட்டுவான். "பாருங்க, விளக்கு அணையல. நடுவுல ஒண்ணு வந்திருக்கு, அவ்வளவுதான். நம்ம வேலை மொத்தமும் இதுதான்." அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவளும் வாய் நிறைய தம்பி என்பாள். அவள் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது இரண்டு நாள் அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்தவன்.

"அக்கா, இது நம்ம சரக்கா?" இருநூற்றுத் தொண்ணூறு நாள் இடைவெளியில் இரண்டு பள்ளம். பூமி அளவு. அதிகச் சூடும் இல்லாத, அதிகக் குளிரும் இல்லாத தூரம்.

அவள் கிராஃபைப் பார்க்கவில்லை, நட்சத்திரத்தின் எண்ணைப் பார்த்தாள். முதல் பள்ளம் விழுந்த சமயத்தில் அதே நட்சத்திரத்தைப் பார்த்து, 'பள்ளமில்லை, அளவுக் கருவியின் வெறும் இரைச்சல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள். பதினோரு வருடத்தில் ஒரு தவறு கிடையாது என்று அறையின் தலைவியான மேடம் எல்லாக் கூட்டத்திலும் சொல்லிக் காட்டுகிற ஆள். அந்தப் பேர் போகுமே என்று நினைத்தாள். அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

"நம்மதுதான் தம்பி."

அவன் நம்பவில்லை. கூட்டத்தில் எழுந்து, "நம்ம போடற பள்ளம் சுத்தமா இருக்கும் மேடம், இது அழுக்கா இருக்கு, இது வானத்துலேர்ந்து வந்தது" என்றான். மேடம் அவளைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். "நான் போட்டதுதான்" என்றாள் அவள். முந்தின நாளே பட்டியலைத் திறந்து, பழைய தேதியில் அந்த எண்ணைச் சேர்த்தும் வைத்திருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவள் ஒரு முழு உலகத்தையே மறைத்தாள். பொய் எது நிஜம் எது என்று தெரியாதவன் என்று எழுதி, அவன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள்.

நான்கு மாதத்துக்கு முன் ரயில் பாதையில் இறந்துபோனான். ஓட்டுநர் சொன்னது எப்படியோ அறைக்கு வந்து சேர்ந்தது. அவன் ஓடவில்லையாம், குதிக்கவும் இல்லையாம். தண்டவாளத்தின் நடுவில் நின்று, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலைத் தூக்கி வைத்திருந்தானாம். "என் லைட்டை மறைக்கப் பாத்த மாதிரி இருந்துச்சு சார்" என்றாராம். பிரேக் பிடித்து வண்டி நின்ற பிறகும் சூடான இரும்பின் வாசனை அந்த இடத்தில் வெகுநேரம் இருந்ததாம்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு நாற்பதுக்கு அந்த மங்கல் இரண்டாவது முறை வந்தது.

சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். குளிரூட்டியின் ஓயாத முனகல், விசைப்பலகைகளின் தட்டல், பின்வரிசையில் குறட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஆள் பேருக்கு ஏற்றபடி விட்டுக்கொண்டிருந்த மெல்லிய மூச்சொலி. அவளுக்கு இடதுபக்கம் அந்தக் காலி நாற்காலி. முதலில் அதன் கைப்பிடி மங்கியது. பிறகு அவள் மேசையின் இடது ஓரம், பிறகு திரை, பிறகு அவளுடைய கைகள். வீட்டில் பார்த்ததைவிட ஆழமாக இருந்தது, மாலையில் விளக்குப் போட மறந்த அறைபோல. எங்கிருந்தோ சூடான இரும்பின் வாசனை வந்தது. அந்த அறையில் இஸ்திரிப் பெட்டி ஏது? அவள் உதடு அசைந்தது. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. விலகியது.

"கரண்டு போச்சா?" என்று திரும்பிக் கேட்டாள்.

"இல்லையே" என்றான் குறட்டை, கண்ணைக் கசக்கிக்கொண்டு. "கனவா? அது என் டிபார்ட்மெண்டு ஆச்சே."

யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. அவள் பென்சிலை எடுத்தாள். எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள். ஞாயிறு பதினொன்று பத்திலிருந்து செவ்வாய் இரண்டு நாற்பது வரை ஐம்பத்தொன்றரை மணி. இரண்டு பள்ளம் கிடைத்தால் மூன்றாவது எப்போது என்று சொல்லிவிடலாம், அதுதானே அவள் படிப்பு. வியாழன் மாலை ஆறு பத்து.

அந்த வியாழன் மாலை ஆறு மணிக்கு இன்னொன்றும் இருந்தது. தொலைநோக்கி எல்லா நட்சத்திரத்தின் அளவையும் கீழே அனுப்பாது, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கொடுத்த பட்டியலில் உள்ளதை மட்டும்தான் அனுப்பும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப் பட்டியல் மேலே போகும். இதுவே கடைசிப் பட்டியல், அடுத்ததற்குள் எரிபொருள் தீர்ந்துவிடும். அவனுடைய நட்சத்திரம் அவள் சொன்ன ஒரு சொல்லால் நீக்கப்பட்டுவிட்டது. அதன் மூன்றாவது பள்ளம் பத்தொன்பதாம் தேதி விழும், யாரும் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். வியாழன் ஆறுக்குள் அவள் வாயைத் திறந்தால் அது மறுபடி பட்டியலில் ஏறும். அவன் கண்டது நிஜம் என்று ஆகும். திறக்காவிட்டால் இனி ஒருபோதும் ஆகாது.

புதன்கிழமை முழுவதும் அவள் விளக்குகளைப் பார்த்தே கழித்தாள். கடைத்தெருவில், படிக்கட்டில், குளியலறையில். வெளிச்சம் இருக்கும் இடத்தில்தானே அது வர முடியும் என்று இருட்டான பக்கமாகவே நடந்தாள். சாப்பிடும்போது மகள், "அம்மா, ஏம்மா லைட்டையே பாத்துட்டிருக்க?" என்று கேட்டாள். படுக்கைக்குப் போகுமுன் தொலைபேசியில் மேடமுக்கு ஒரு கடிதம் தட்டினாள். அது நான் போட்டதில்லை. பொய்ப் பள்ளங்களின் பட்டியலை நான் திருத்தினேன். அவன் சொன்னதுதான் சரி. மூன்றே வரி. அனுப்பவில்லை. காலையில் அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது உண்மைதான், ஆனால் குறுகுறுப்பதோடு நிறுத்திக்கொள்கிற நெஞ்சுகளும் இருக்கின்றன.

வியாழன் மதியம் மேடம் அறை நடுவில் நின்று, "ஆறு மணிக்கு லிஸ்ட் போயிடும். சேக்கணும்னா இப்பவே சொல்லுங்க. யாருக்காவது ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். அவள் பக்கம் திரும்பி, "உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல மேடம்."

தலைவலி என்று சொல்லிவிட்டு நாலரைக்கே கிளம்பினாள். வீட்டில் யாரும் இல்லை. கணவர் மகளை நீச்சல் வகுப்பிலிருந்து அழைத்துவரப் போயிருந்தார். ஐந்து நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. கட்டைவிரலின் மனைவி.

"அக்கா, தொந்தரவு பண்றேனா?"

"இல்லம்மா, சொல்லும்மா."

"அவரோட நோட்டு ஒண்ணு கெடைச்சுது. கடைசிப் பக்கத்துல பத்தொன்பதுன்னு தேதி போட்டு, மூணாவது தடவ வரும்னு எழுதி வெச்சிருக்கார்." பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "சாகறவரைக்கும் அது நெஜம்னுதான் சொல்லிட்டிருந்தாரு. நீங்க போட்டதுதானாக்கா அது? நீங்க சொன்னா நம்பிடறேன். அப்புறம் கேக்கவே மாட்டேன்."

உண்மையைச் சொல்லிவிடலாம். மூன்றே வரி, ஏற்கெனவே எழுதி வைத்த வரிதான். அதைச் சொன்னால், நீ அவனைக் கொன்றாய் என்று அந்தப் பெண் சொல்வாள். சொல்லாவிட்டாலும் அதுதான் உண்மை. ஆனால் காதில் கேட்க வேண்டியிருக்காது.

"ஆமாம்மா. நான் போட்டதுதான்."

"சரிக்கா." குரல் மிகவும் சின்னதாகிவிட்டது. "அப்போ அவர்தான் தப்புப் பண்ணிட்டார்."

வைத்துவிட்டாள். இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. அனுப்பாத கடிதம் திரையில் கிடந்தது. கட்டைவிரலால் ஒரு அழுத்து போதும். ஐந்து ஐம்பது. அவள் விரல் திரைக்கு மேலே நின்றது. ஐந்து ஐம்பத்தாறு. கை வலித்தது. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.

ஆறு.

முதலில் தோன்றியது நிம்மதி. அதை நினைத்தால் அவளுக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் நிம்மதிதான். இனிமேல் சொல்லியும் பயனில்லை, ஆகவே சொல்ல வேண்டியதில்லை. பட்டியல் போய்விட்டது. அந்த உலகம் அங்கேயே சுற்றட்டும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

பிறகு ஆறு பத்து நினைவுக்கு வந்தது.

எழுந்து ஓடினாள். திரைச்சீலைகளை இழுத்தாள். கூடத்து விளக்கு, சமையலறை விளக்கு, படுக்கையறை விளக்கு, எல்லாவற்றையும் அணைத்தாள். பச்சைப் புள்ளி எரிந்த இணையப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். தொலைபேசியைக் கவிழ்த்தாள். மூலைக்குப் போய், மீட்டர் இருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். வெளிச்சம் இல்லாத இடத்தில் எதுவும் எதையும் மறைக்க முடியாது. கணக்கு சரியாக இருந்தது. மீட்டரில் பூஜ்யம்.

கடிகாரத்தின் முள் சத்தம். குழாயில் ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

வாசனை.

சூடான இரும்பு. கையை நீட்டி அலமாரியின் அடித்தட்டில் இருந்த இஸ்திரிப் பெட்டியைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. வாசனை இடதுபக்கத்திலிருந்து வந்தது. மெல்ல. நடைவேகத்தில். அவளுக்கு எதிரே வந்ததும் நின்றது.

இருட்டுதான். இருட்டில் வராது. வர முடியாது.

வாசலில் சாவி திரும்பியது. மகளின் ஈரச்செருப்புச் சத்தம். "அப்பா, ஏன் இருட்டா இருக்கு?"

"போடாதே!" என்று கத்தினாள். "பாப்பா, லைட்டு போடாதே!"

சுவிட்சு சொடுக்கியது.

கூடம் முழுவதும் வெளிச்சம் வந்தது. அவள்மேல் வரவில்லை.

அவன் நின்றிருந்தான். விளக்குக்கும் அவளுக்கும் நடுவில். எப்போதிருந்து என்று தெரியவில்லை. இருட்டில் அவன் வராமல் இருக்கவில்லை, தெரியாமல் இருந்தான். முகம் இருண்டிருந்தது. இடது கண் மூடியிருந்தது. கை அவளை நோக்கி நீண்டிருந்தது. அதன் முனையில், நிமிர்ந்து, கட்டைவிரல்.

அதன் நிழல் குறுகலாக, குளிர்ச்சியாக, அவளை உச்சி முதல் பாதம் வரை மூடியிருந்தது.

"செருப்பு இருக்கு, ஆளைக் காணோமே" என்றார் கணவர். அறைகளுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மகள் மூலையைப் பார்த்தாள். நேராக. தாயின் கண் இருந்த இடத்தையே பார்த்தாள். பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

"அம்மா எங்கப்பா?"

"இங்க இருக்கேன்! பாப்பா! இங்கதான்!" தொண்டை கிழிந்தது. சத்தம் விரலைத் தாண்டவில்லை. எண்ணினாள். பதிமூன்றில் விலகும். விலகித்தான் ஆக வேண்டும். எட்டு. ஒன்பது.

கணவர் நாற்காலிக்கு வந்தார். அவர் கை அவள் தோளுக்கு ஒரு சாண் தள்ளி இறங்கியது. மீட்டரை எடுத்தார். "முந்நூத்தி எண்பது. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

பன்னிரண்டு. பதிமூன்று.

"அக்கா" என்றான் அவன். பழைய குரல். கோபமே இல்லை. "இது நம்ம சரக்கா?"

"இல்ல தம்பி! நான் போட்டதில்ல! நெஜம், அது நெஜம், நீ சொன்னதுதான்..."

"பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பா" என்றார் கணவர். "வா, தலையைத் துவட்டு."

மகள் இன்னொரு முறை மூலையைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் அசையவில்லை.

பதினான்கு. பதினைந்து. பதினாறு.